தத்தெடுத்த ஹாம்ஸ்டர்: பதறக் கூடாத இடத்தில் பதறுவது

எலி இனத்தைச் சேர்ந்த சிறு வளர்ப்புப் பிராணியான சிரியன் ஹாம்ஸ்டரின் இடுப்பில் இரண்டு பக்கமும் முடி குறைந்து, கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு புள்ளி தெரியும். புதிதாகத் தத்தெடுத்தவர்கள் புண் என்று நினைத்து மஞ்சளைக் குழைத்துப் பூசிவிடுகிறார்கள். அது வாசனைச் சுரப்பி. எல்லா சிரியனுக்கும் உண்டு. பல் மஞ்சளாக இருப்பதும் இயல்புதான். பெட்டைக்கு 4 நாளுக்கு ஒருமுறை வெள்ளையாக, வாடையோடு கசிவு வரும். அது அதன் சினைச்சுழற்சி. வெயில் காலத்தில் ஆணின் விதைப்பை பெரிதாகத் தொங்குவதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. "ரொம்ப சமத்து, அசையாம உட்கார்ந்திருக்கு" என்பார்கள். இரையாகும் பிராணி நோயை மறைக்கும். ராத்திரியில்கூட ஓடாமல், முடி சிலிர்த்து, கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சமத்து அல்ல, வலி. வாலடி ஈரமாக இருந்து நாற்றமும் அடித்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கு, முக்கியமாக இடம் மாறிய அதிர்ச்சியில் வரும் இந்த வயிற்றுப்போக்கு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். அந்த அவசரத்தில் வீட்டிலிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, அதையே கொன்றுவிடும்.

பொதுக் கூண்டிலிருந்து வந்த பெட்டை சினையாகவும் இருக்கலாம். சிரியனுக்குக் கர்ப்பகாலம் வெறும் 16 நாள். திடீரென்று குட்டிகளைப் பார்த்தால் கூட்டைக் கலைக்காதீர்கள், குட்டிகளைத் தொடாதீர்கள். 1930-இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி ஒரு தாயையும் குட்டிகளையும் வளையிலிருந்து எடுத்தபோது, தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. இன்று வீடுகளில் வளரும் சிரியன்கள் பெரும்பாலும் அந்த ஈற்றின் வம்சம்தான். குணமும் அப்படியே: வளர்ந்த இரண்டு சிரியன்களை "துணைக்கு" என்று ஒரே கூண்டில் விட்டால் ரத்தம் வரும்.

பகலில் தூங்குவதை எழுப்பிக் கையில் எடுத்தால் கடிக்கத்தான் செய்யும். அதற்குக் கண்பார்வை மட்டம். மூக்குதான் ஆளை அடையாளம் காணும். முதல் சில நாள் தொடாமல், சாயங்காலம் உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையை வைத்துக் காத்திருங்கள். கூண்டை முழுக்கக் கழுவிப் புது வைக்கோல் போடுவதும் அதன் வாசனையை ஒரேயடியாக அழித்துவிடும். பழையதில் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள். தண்ணீரில் குளிப்பாட்டவே வேண்டாம், ஒரு கிண்ணம் மணல் போதும். சக்கரம் சிரியனுக்கு 28 செ.மீ. விட்டமாவது இருக்கட்டும், சிறியதில் ஓடினால் முதுகு வளைந்துவிடும்.

கடுங்குளிரில் விறைத்துக் கிடந்தால் செத்துவிட்டது என்று புதைக்கப் போகாதீர்கள். குளிர் உறக்கமாக இருக்கலாம். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். மீசை அசைகிறதா என்று பாருங்கள்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.