சுகர் உள்ளவருக்கு ரத்தம் குறைந்தால் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

அப்பாவுக்கு 66 வயது. 17 வருடமாகச் சுகர். போன வருடம் ஒருநாள் டீக்கடைக்குப் போய்விட்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார். "இன்னொண்ணு எங்கப்பா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுகர் என்றால் கால் மரத்துப்போவது சகஜம்தானே என்று விட்டுவிட்டோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை வயசு என்றோம். ஹீமோகுளோபின் 9.8 வந்தது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் 10-ஐத் தாண்டவில்லை.

நான் லேபில் 19 வருடமாக ரத்தம் எடுக்கிறவள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. சுகர்காரருக்கு அது ஏன் வந்தது என்று கேட்காமல் மாத்திரையைத் தொடங்க வேண்டாம். காரணம் ஒன்றாக இருக்காது, பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

முதலில் சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் டெஸ்ட்டின் ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். அது சிவப்பணுவின் சராசரி அளவு; 80 முதல் 100 வரை நார்மல். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், பி12 வைட்டமின் குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால்? சராசரி நடுவில் நின்று நார்மல் போலக் காட்டும். அப்பாவுக்கு 91 இருந்தது. பக்கத்திலேயே ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு வரி, அதில் 17.8. சுமார் 14.5-க்கு மேல் போனால் பெரிசும் சிறிசுமாக அணுக்கள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த வரியை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

அப்புறம் பி12. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம். அப்பாவுக்கு 156, 200-க்குக் கீழே என்றால் குறைபாடுதான். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், சுகரால் வரும் மரப்பு போலவே. செருப்பு கழன்றது எதனால் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கும் முன் பி12 ஊசியோ சத்து மாத்திரையோ போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், கணக்கு ஏறித் தெரியும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரும்புக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடம்பில் புண்ணோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும். அப்பாவுக்குக் கட்டைவிரலில் ஆறாத புண். ஃபெரிட்டின் 140, பார்க்க நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு, 14 சதவீதம். 20-க்குக் கீழே என்றால் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போவதையும் சேமிப்பிலிருந்து வெளியே வருவதையும் தடுக்கும். மூன்று மாத மாத்திரை வீணானதன் பெரும்பங்கு இதுதான்.

கடைசியாகச் சிறுநீரகம். எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் அங்கேதான் பெருமளவு சுரக்கிறது. சிவப்பணு உண்டாக்கச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவு போவது அதன் வழியாகத்தான். சுகர் சிறுநீரகத்தைத் தொட்டால் உத்தரவு குறையும். அப்பாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6. "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும், ஆனால் வயதோடு கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈ.ஜி.எஃப்.ஆர். 47. அறுபதுக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பாருங்கள். எரித்ரோபொயட்டின் அளவை நேரடியாகப் பார்ப்பது பெரும்பாலும் தேவைப்படாது. மற்றக் காரணங்களைச் சரிபார்த்த பிறகும் ரத்தம் ஏறாமல், ரெட்டிக்குலோசைட் என்ற இளம் சிவப்பணுவும் குறைவாக இருந்தால் இந்த ஹார்மோன் போதவில்லை என்று டாக்டர் புரிந்துகொள்வார். அதற்கு ஊசி உண்டு, ஆனால் ஹீமோகுளோபினை 13 வரை ஏற்றப் பார்க்கக் கூடாது. சுகரும் சிறுநீரகக் கோளாறும் உள்ள சுமார் 4,000 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ட்ரீட் ஆய்வில், அப்படி ஏற்ற முயன்றவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது.

தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் மலத்தில் ரத்தம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட்டும் தவறாகக் காட்டலாம். இரும்போ பி12-ஓ குறைந்தால் பொய்யாக ஏறும். எரித்ரோபொயட்டின் ஊசிக்கும் ரத்தம் ஏற்றியதற்கும் பிறகு பொய்யாக இறங்கும். அப்பாவுக்கு 8.1 என்று வந்தது, வீட்டில் விரல் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றில் 120, சாப்பிட்ட பிறகு 170. அந்த 8.1-ஐ மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தால் சுகர் இறங்கி மயங்கி விழுந்திருப்பார். விரல் குத்திப் பார்த்த கணக்கை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

பி12 ஊசியும், நரம்பு வழியாக இரும்பும் போட்டார்கள். புண்ணும் ஆறியது. நாலு மாதத்தில் 11.7. காலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. பின்னால் பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சி.பி.சி. தை மாதம், பி12-ம் கிரியேட்டினினும் கூடவே.