400 யார்டு வரை சுட வேட்டை ரைஃபிளும் ஸ்கோப்பும் வாங்குவது எப்படி?

கொலராடோவில் எல்க் (பெரிய மான் இனம்), மியூல் மான் வேட்டைக்குப் போக நினைக்கும் புதியவர்களுக்காக இது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும், ஹன்டர் எஜுகேஷன் கார்டு (வேட்டைப் பயிற்சி முடித்த சான்று) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம்மைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கும் உண்டு. அதனால் முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை.

படி 1: காலிபர்

இதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் தோட்டாவின் விட்டம்), எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் (எடை அலகு) தோட்டா என்று மாநில விதி இருக்கிறது. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டா வகையே இன்றைக்கும் தாராளமாகப் போதும். என் ஓட்டு 6.5 கிரீட்மோருக்கு: உதை குறைவு என்பதால் தோளைச் சுருக்காமல், கண்ணை மூடாமல் சுடலாம், தோட்டாவும் எளிதில் கிடைக்கும். 'எல்க் என்றால் மேக்னம்தான்' (வெடிமருந்தும் உதையும் அதிகமான தோட்டா வகை) என்பவர்கள் பாதிப் பேர் பயிற்சிக்கே போவதில்லை, உதைக்குப் பயந்துதான்.

படி 2: ரைஃபிள்

கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். டிக்கா டி3எக்ஸ் அல்லது பெர்காரா பி-14, இரண்டில் எது தோளுக்கு ஒத்துவருகிறதோ அது. டிரிகர் இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபட வேண்டும். குழலுக்கும் மரக்கட்டைக்கும் (இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்) நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வர வேண்டும். 100 யார்டில் மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் இந்த வேலைக்குப் போதும்.

படி 3: ஸ்கோப்

பலரும் தடுமாறுவது இங்கேதான். பவர் (எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது) 4-16 இருந்தால் போதும், 25 எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைச் சுடுகிறவர்களுக்கு. முதலில் பார்க்க வேண்டியது ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறியில்) இருக்கும் கோடுகளும் டரட்டின் (குறியை ஏற்றி இறக்கத் திருப்பும் குமிழின்) கிளிக்குகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று. எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள் (100 யார்டில் 1 எம்ஓஏ சுமார் ஓர் அங்குலம்). எம்ஓஏ என்றால் இரண்டும் எம்ஓஏ, மில் என்றால் இரண்டும் மில். ஒன்று மில், மற்றது எம்ஓஏ என்று இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது ஃபோகல் பிளேன், அதாவது ஸ்கோப்புக்குள் ரெட்டிகிள் அமைந்திருக்கும் இடம். செகண்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப்பில் அந்தக் கோடுகளின் அளவு ஒரே ஒரு பவரில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 16இல் 6 எம்ஓஏ காட்டும் கோடு, 8க்கு இறக்கினால் 12 எம்ஓஏ ஆகிவிடும். அதை இன்னும் 6 என்றே நம்பி 400 யார்டில் சுட்டால் தோட்டா சுமார் 25 அங்குலம் மேலே, முதுகைத் தாண்டிப் போய்விடும். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குறைந்த பவரில், அதுவும் அந்தி நேரத்து மரநிழலில், கோடுகள் கண்ணுக்கே தெரியாத அளவு மெலிந்துவிடும். நான் சொல்வது செகண்ட் ஃபோகல் பிளேன், கூடவே ஜீரோ ஸ்டாப் (திருப்பிய டரட்டை மறுபடி ஆரம்ப இடத்தில் நிறுத்தும் தடுப்பு) உள்ள டரட். கோட்டைப் பிடித்துச் சுடுவதற்குப் பதில் டரட்டைத் திருப்பினால் எந்தப் பவரில் இருந்தாலும் கணக்கு மாறாது.

பக்கவாட்டில் பாரலாக்ஸ் குமிழ் இருக்கட்டும். தலையை லேசாக அசைக்கும்போது இலக்கின் மேல் குறி நகர்ந்தால் அது இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

படி 4: பொருத்துதல்

இஞ்ச்-பவுண்டு டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) திருகுகளுக்குப் பெரும்பாலும் 15-18, உங்கள் ரிங்கோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு, உச்சப் பவரில், படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிட்டே வைத்தால் முதல் உதையிலேயே புருவம் கிழியும். ஸ்கோப் சாயாமல் இருக்க வேண்டும்: 5 டிகிரி சாய்வு 400 யார்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும்.

படி 5: ஜீரோ, அப்புறம் காற்று

ஜீரோ என்றால் குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. முதலில் 25 யார்டு, பிறகு 100இல் ஜீரோ. 6.5இல் 143 கிரெய்ன் தோட்டா நொடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பினால் 400 யார்டில் ஏறக்குறைய இரண்டேகால் அடி இறங்கும். பாலிஸ்டிக் செயலியில் (தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் செயலி) போட்டால் இதைத் துல்லியமாகச் சொல்லிவிடும், ஆனால் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாமல் க்ரோனோகிராஃபில் (தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்து போடுங்கள், குழல் நீளத்துக்கு ஏற்ப மாறும். காற்றுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இதே தோட்டாவை 400 யார்டில் ஒன்பது, பத்து அங்குலம் தள்ளிவிடும், பள்ளத்தாக்கின் நடுவில் எவ்வளவு அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆறிய குழலோடு, முதல் தோட்டாவிலேயே, 8 அங்குல பேப்பர் பிளேட்டில் எந்தத் தூரம் வரை தவறாமல் அடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் எல்லை. அதற்கு மேல் உயிரை நோக்கிச் சுடாதீர்கள், கிட்டே போங்கள்.

பின்சேர்க்கை: டெக்சஸில் சரியாக இருந்த கணக்கில் சுட்டால் மலையில் தோட்டா ஏன் மேலே போகிறது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 9000 அடியில் காற்று மெலிது, தோட்டா குறைவாகவே இறங்கும். வானிலைச் செயலி காட்டும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். அதை அப்படியே பாலிஸ்டிக் செயலியின் 'ஸ்டேஷன் பிரஷர்' (நிற்கும் இடத்து அழுத்தம்) கட்டத்தில் போட்டால் நீங்கள் ஏதோ கடற்கரையில் நின்று சுடுவதாக அது நினைத்துக்கொள்ளும். கையடக்கக் கருவியில் அந்த இடத்திலேயே அளந்த அழுத்தத்தைப் போடுங்கள், இல்லையென்றால் உயரத்தை மட்டும் கொடுத்து மிச்சத்தைச் செயலியிடம் விட்டுவிடுங்கள்.