பீச்சுல தேட பின்பாயின்டர் வாங்குறீங்களா? இதைப் பாத்துட்டு வாங்குங்க

மணல்ல காசு, நகை தேடுற மெட்டல் டிடெக்டர், அடியில இருக்குற பெரிய வட்டக் காயில்ல சத்தம் குடுத்துரும், ஆனா தோண்டுன குழிக்குள்ள பொருள் எங்க இருக்குன்னு கையில புடிக்கிற பின்பாயின்டர்தான் சொல்லும். மால் வாசல்ல செக் பண்ற கட்டையை வாங்கிராதீங்க, அதுல பக்கவாட்டுல முழுக்க அடிக்கும், நமக்கு முனை துல்லியமா அடிக்கணும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் தேடுறவங்களுக்கு வாட்டர்ப்ரூஃப் கட்டாயம். காரெட் ப்ரோ பாயின்டர் ஏடி-ங்கற மாடல் 20 அடி தண்ணி வரைக்கும் தாங்கும், 9 வோல்ட் பேட்டரி. அதைவிட முக்கியம் ரீட்யூன், ஏன்னா உப்புத்தண்ணி ஊறின மணல்ல முனையை வச்சாலே சும்மா கத்தும், அப்படியே வச்சு பட்டனை ஒரு தடவ அமுக்கினா அந்த உப்பை ஒதுக்கிட்டு அமைதியாயிரணும், அந்த வசதி இல்லாதது எனக்கு வேண்டவே வேண்டாம். அலை சத்தத்துல பீப் கேக்காது, வைப்ரேஷனும் இருக்கட்டும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கம்மல் திருகாணி வச்சு பாருங்க. காசுக்கு எல்லாமே அடிக்கும், திருகாணிக்கு எத்தனை விரல் தூரத்துல அடிக்குதுங்கறதுதான் கணக்கு. உங்க டிடெக்டரையும் ஆன்ல வச்சே பாருங்க, சிலது ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் பண்ணும்.

அப்புறம், புதையல் மாதிரி எதாவது கெடச்சா 1878 இந்தியப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும்.