இரண்டாம் பருவமும் இரவு அழைப்பும்

பினாங்கிலிருந்து கொடைக்கானல் விடுதிக்கு இரண்டாம் பருவத்துக்குத் திரும்பியபோது, வீட்டு ஏக்கம் முதல் பருவத்தைவிடக் கடுமையாக இருந்தது. புதிய ஊரைப் பார்க்கும் ஆர்வம் அடங்கிவிட்டது. ஜனவரிக் குளிர் மட்டும் கூடியிருந்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமல்லவா!

வீட்டுக்குப் பேச இரவு எட்டரைக்குத்தான் அனுமதி. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால் அங்கே பதினொன்று. அம்மா தூக்கக் கலக்கத்தில் பேசுவார். நான் அழுதபடியே படுப்பேன். அதுதான் என்னை வாட்டியது.

காப்பாளர் அக்காவிடம் காரணத்தைச் சொல்லி, அழைப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே ஒன்பதரை; அம்மா சந்தைக்குப் போய்வந்து, வாங்கிய மீன்வரை உற்சாகமாகச் சொல்வார். அந்தத் தெம்போடு வகுப்புக்குப் போவேன். சனிக்கிழமைகளில் தோழிகளோடு ஏரியைச் சுற்றி நடக்கிறேன், ஏறத்தாழ 5 கிலோமீட்டர். படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.