வெல்டிங் வைக்கும் முன் பழைய போல்ட்டை வினிகரில் ஊறப்போடுங்கள்

பழைய நட்டு, போல்ட், சைக்கிள் சங்கிலியை எல்லாம் சேர்த்துப் பறவை, தேள் என்று செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஆனால் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும்; அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் ஆளைப் போட்டு உலுக்கும், வெல்டிங் வைத்த இணைப்பும் பொடிப்பொடி ஓட்டையாகத்தான் வரும்.

வழி எளிது. வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். உடனே நுரைநுரையாகக் குமிழி கிளம்பும், அது ஹைட்ரஜன், அதனால் திறந்தவெளியில், மூடி போடாமல், பக்கத்தில் நெருப்பில்லாமல் வையுங்கள். குமிழி அடங்கி, போல்ட் கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே துடைத்துக் காயவையுங்கள், ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே துரு ஏறும்.

மஞ்சளாக வானவில் நிறம் அடிக்கிற போல்ட்டுகளை மட்டும் நான் எடுப்பதே இல்லை, அந்தப் பூச்சில் குரோமியம் இருக்கும். வெல்டிங்கின்போது காற்றோட்டமும் முகமூடியும் எப்படியும் வேண்டும்.