15இல் 8 போனால்?

மகளுக்கு வாய்ப்பாடு தலைகீழாய்த் தெரியும். கழித்தல் என்றால் மட்டும் விரலைத் தேடுவாள். கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு, 1 முதல் 9 வரை எழுதிய காலண்டர் தாள் துண்டுகளைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும், குறுக்கே கூட்டினாலும், 15 வர வேண்டும். (இதே ஊரில் படித்த கணித மேதை ராமானுஜனும் இப்படிப்பட்ட மாயச் சதுரங்களில் கை வைத்தவர்தான்.)

முதலில் 9ஐ நடுவில் வைத்து முழித்தாள். அப்புறம், “8ஐ எங்கே வச்சாலும் 9கூட ஒரே வரிசையில வருதுப்பா, 17 ஆயிடுதே!” என்று அவளே அதை எடுத்துவிட்டாள். நடுவில் 5 உட்கார்ந்ததும், எதிரெதிர் ஜோடி 10 என்பது பிடிபட்டது. விடையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு; பாட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இப்போது 15இல் 8 போனால் 7 என்று பட்டென்று வருகிறது. அடுத்து, 2 முதல் 10 வரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டுத்தொகை எவ்வளவு வரும் என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.