குமரியில் ரேஷன் கார்டு, திருவனந்தபுரத்தில் சிகிச்சை: புற்றுநோய்க் குடும்பங்கள் உதவி தேடும்போது தவிர்க்க வேண்டியவை

களியக்காவிளை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் குடும்பம் முதலில் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981 முதல் இயங்கும் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) நாகர்கோவிலில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர், சென்னை 700. சிகிச்சைக்கு அங்கே போவதில் பிழையில்லை. பணத்துக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் உதவி தேடும்போதுதான் சறுக்குகிறது.

முதல் சறுக்கல், பக்கத்து வரிசைக்காரருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று நம்புவது. காருண்யா காப்பீடு, காருண்யா நிதி, அங்குள்ள புற்றுநோயாளி ஓய்வூதியம் எல்லாமே கேரளக் குடும்பங்களுக்கானவை. வீட்டில் மலையாளம் பேசினாலும், சொந்தக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருந்தாலும், கார்டு தமிழ்நாட்டுடையது என்றால் அந்தக் கவுண்ட்டரில் வேலையில்லை. நமக்குள்ளது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அந்த அட்டையும் எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. புறப்படும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ஆஸ்பத்திரியின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் சொல்லி, இரண்டும் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியை மட்டும் கேட்டுவிட்டு வைப்பவர்கள்தான் கடைசியில் கையிலிருந்து கட்டுகிறார்கள். அங்கே செல்லாது என்றால், ஆசாரிப்பள்ளத்திலோ திருநெல்வேலியிலோ அரசு மருத்துவமனையில் எந்தப் பகுதியைச் செய்துகொள்ளலாம் என்று மருத்துவரிடமே கேட்கலாம். எல்லாச் சிகிச்சையும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

அட்டை எடுக்காதவர்கள் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று பல கை மாறித்தான் வரும். அதன் பிறகு ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வாசலில் நிற்பவருக்குக் கொடுக்கும் பணம் அவருக்குத்தான்.

பெயரில் வரும் வில்லங்கம் எல்லைப்பகுதிக்கே உரியது. ஆதாரில் 'மரிய செல்வம்', ரேஷன் கார்டில் 'செல்வம்', ஆஸ்பத்திரிப் பதிவில் காதால் கேட்டு எழுதிய 'மரியசெல்வன்'. இன்ஷியல் முன்னே ஒன்றில், அப்பா பெயர் முழுசாகப் பின்னே இன்னொன்றில். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காப்பீட்டு மேசையில் நிரூபிக்க ஒரு நாள் போகும். பதிவு கவுண்ட்டரில் பெயரை வாயால் சொல்லாமல் ஆதாரை நீட்டுங்கள். முதல் சீட்டு கையில் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

அதிகப் பணம் தொலைவது, முதலில் செலவழித்துவிட்டு அப்புறம் உதவி கேட்பதில். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள நோயாளிகளுக்கு, மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாகவே வழங்க மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி 2009-ல் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே கட்டிய பில்லுக்கு அதில் பணம் திரும்பாது. அதனால் நகையை அடகு வைக்கும் முன்னே, இத்தகைய உதவிக்கு வழிகாட்டும் மருத்துவ சமூகப் பணியாளரின் அறையைக் கேட்டுப் போங்கள். ஓ.பி. சீட்டில் அந்த அறையின் பெயர் இருக்காது, யாரும் அனுப்பவும் மாட்டார்கள். நாமாகத்தான் போக வேண்டும். மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள செலவு மதிப்பீடு, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றின் அசலும் சில நகல்களும் ஒரே உறையில் இருக்கட்டும்.

ரயில் சலுகையைப் பலர் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரி தரும் சான்றைக் கவுண்ட்டரில் கொடுத்தால் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். குழித்துறையில் இருந்து திருவனந்தபுரம் போக இதனால் பெரிய லாபமில்லை. சென்னை, வேலூர் போகிறவர்கள் விடக்கூடாது.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி ஸ்லைடையும், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் மறுபடி பார்ப்பார்கள். ஸ்லைடு உடையும், மெழுகு வெயிலில் இளகும். வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள்.

உள்ளூரில் ஒரு மருத்துவரைப் பிடித்துவைக்காததுதான் உயிருக்கே ஆபத்தானது. கீமோ முடிந்து முதல் இரண்டு வாரத்தில் வெள்ளணு குறைந்திருக்கும், அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம். பாரசிட்டமாலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று 70 கிலோமீட்டர் பயணத்துக்குக் காத்திருக்கக்கூடாது. எந்த மருந்து, எந்தத் தேதி, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் கீமோ அன்றே ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே காட்டிவையுங்கள்.

வலித்தணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சிகிச்சை நடக்கும்போதே கேட்கலாம். கேரளத்தில் 2008-ல் அரசுக் கொள்கையே வந்து, பஞ்சாயத்து தோறும் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். அவர் எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டி வரமாட்டார். இந்தப் பக்கம் 2021 முதல், வீடு தேடி வரும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது: டிஸ்சார்ஜ் சம்மரி நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து வீட்டுப் பராமரிப்புக்குப் பதிவு செய்யுங்கள், வழி தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேளுங்கள். கடும் வலிக்குத் தரும் மார்பின் மாத்திரை சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். தீர்வதற்குச் சில நாள் முன்பே போங்கள், சீட்டு எப்போதும் மாத்திரையோடு இருக்கட்டும். மெதுவாகக் கரையும் வகையல்லாத சாதாரண மார்பின் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்தபின் போடுவது முறையல்ல. கூடவே மலமிளக்கி எழுதப்படவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். மூன்று நாள் வயிறு போகாமல் தவித்து, கடைசியில் வலி மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.